அண்டாவில் குறைந்த தண்ணீர்

பயப்படுவது எனக்குப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள். பல்லி விழுந்தாலே கதிரையில் ஏறி நிற்கிறவன், தேடிப் போய்ப் பேய்ப்படம் பார்க்கிறான் என்று அக்கா வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவாள். ஆனால் படம் பார்த்துப் பயப்படுவது வேறு. நான் தொடங்கச் சொன்னால் தொடங்கும், நிறுத்தச் சொன்னால் நிற்கும். அப்படி நிறுத்த முடியாத பயம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. அதற்குள் ஒரு ஜப்பான் படமும், அதை அமெரிக்காக்காரர் திருப்பி எடுத்த படமும் வந்து மாட்டிக்கொண்டன.

திருகோணமலையில் உள்துறைமுக வீதியில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போன் திருத்துவேன், சார்ஜர், கவர் விற்பேன். அதைவிட இன்னொரு வேலையும் உண்டு. ஆழ்கடலுக்குப் போகிற படகுக்காரருக்குப் படம் ஏற்றிக் கொடுப்பேன். அவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பவர்கள். கரை மறைந்தால் போனில் சிக்னலும் மறைந்துவிடும். ஐசும் டீசலும் அரிசியும் ஏற்றுகிற நாளில் படகிலிருந்து ஒருவர் எல்லாருடைய மெமரி கார்ட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வருவார். அவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. அடிபிடிப் படம் போடலாம், பகிடிப் படம் போடலாம், பேய்ப்படமும் போடலாம். முடிவில்லாத படம் மட்டும் கூடாது. கடைசியில் என்ன நடந்தது என்று சொல்லாத படத்தைக் கடலில் பார்த்தால், ஆளுக்கொரு கதை கதைத்து, காவலுக்கு நிற்கிறவன் கண்டதையும் யோசித்து, படகே குழம்பிப் போகுமாம்.

இந்தச் சட்டத்தை எனக்குச் சொன்னவர் அத்தான், அக்காவின் கணவர். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டுகிற ஒரு படகில் இஞ்சின் பார்க்கிறவர். வாய் ஓயாத மனிதர். அவர் கடைக்குள் வந்தால் வீதியில் போகிறவர்களும் நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். தேத்தண்ணியில் சீனி பாதி, சாயம் பாதி. சிரித்தால் வயிறு குலுங்கும். எனக்கும் அவருக்கும் எந்நேரமும் சண்டை. எல்லாம் படச் சண்டைதான்.

பெரிய சண்டை அந்த ஜப்பான் படத்தைப் பற்றியது. ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. புருஷன் வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. மனைவி தினமும் பின்னேரம் குளியல் தொட்டியில் சுடுதண்ணீர் நிரப்பி மூடி வைக்கிறாள். பிறகு மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் குறைந்திருக்கிறது. யாரோ குளித்திருக்கிறார்கள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. படம் முழுக்க அவ்வளவுதான். பேயைக் காட்ட மாட்டார்கள். சத்தமும் இல்லை, ரயில் போகிற சத்தத்தைத் தவிர. கடைசியில் அவள் தண்ணீரைச் சூடாக்கிவிட்டுக் குளியலறைக் கதவுக்கு வெளியே குந்தியிருப்பாள். உள்ளே தண்ணீர் அசைகிற ஓசை கேட்கும். படம் முடிந்துவிடும்.

முதல் தரம் பார்த்த அன்றைக்கு நான் நித்திரை கொள்ளவில்லை. ஏனென்றால் அது ஜப்பான் மாதிரியே இல்லை, அக்கா வீடு இருக்கிற உப்புவெளி மாதிரி இருந்தது. அத்தானின் படகு கரைக்கு வருகிற நாள் தெரிந்தால் அக்கா மத்தியானமே கிணற்றில் அள்ளி, கிணற்றடியில் இருக்கிற அண்டாவை நிரப்பி வெயிலில் விட்டுவிடுவாள். அத்தான் நேரே வீட்டுக்குள் வரமாட்டார். பின்பக்கத்தால் போய், உடம்பில் ஊறின உப்புப் போகத் தலையில் ஊற்றிவிட்டுத்தான் படியேறுவார். அண்டா காலியானால் ஆள் வந்துவிட்டது என்று அர்த்தம். குளிப்பதென்றால் வீடு திரும்புவது என்று ஜப்பான்காரருக்கும் தெரிந்திருக்கிறது, எங்களுக்கும் தெரியும்.

அமெரிக்காக்காரருக்கு அது தெரியவில்லை. அவர்கள் எடுத்த படத்தில் வீடு எங்கள் ஊர் அரசாங்கக் கச்சேரிக் கட்டடத்தைவிடப் பெரியது. தொட்டிக்குள்ளிருந்து கறுத்த கை ஒன்று வரும், கூடவே காது கிழிகிற சத்தம். நாய் முதலில் சாகும். அவள் நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டுவாள். கடைசியில் பொலிஸ்காரர் ஏரியிலிருந்து புருஷனின் உடலை எடுப்பார்கள், கொன்றவன் அவனுடைய தம்பி என்று தெரியவரும், பேய் சமாதானமாகி வெளிச்சமாய்ப் போய்விடும். அவள் வீட்டை விற்றுவிட்டுக் காரில் ஏறிப் போவாள். இப்படி எத்தனையோ சோடிப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கமெரா நன்றாயிருக்கும், நடிப்பவர்களும் கெட்டிக்காரராயிருப்பார்கள், ஒவ்வொரு காட்சியையும் அப்படியே எடுத்திருப்பார்கள். எல்லாம் இருக்கும், பயம் மட்டும் இருக்காது. விளக்கம் சொல்லிச் சொல்லியே அதைக் கொன்றுவிடுவார்கள்.

அத்தான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

"அந்த மனிசன் செத்தவனோ இருக்கிறவனோ எண்டு சொல்லாமல் படத்தை முடிச்சால் அதென்ன படம்? எடுத்தவனுக்கே தெரியாது போலை."

"சொல்லாததாலைதான் அத்தான் பயம்."

"உனக்குப் பயம் வேணும், நீ கரையிலை இருக்கிறனீ. எனக்கு முடிவு வேணும். அமெரிக்காக்காரன் பாவம், ஒழுங்கா ஆளைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறான்."

"அந்தக் கையைப் பாத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது."

"நானும் சிரிச்சனான். சிரிச்சிட்டு நல்லா நித்திரை கொண்டனான். அதுக்குத்தானே படம்!"

இவ்வளவு கதைத்தவர் ஜப்பான் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டவர். மீதியை நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அதைச் சொல்லி நான் நக்கலடித்தேன். கடைசியாகக் கடலுக்குப் போன முறை கார்ட்டை நீட்டிக்கொண்டு, "சரி, உன்ரை ஜப்பான்காரியையும் போட்டுவிடு. முழுக்கப் பாத்திட்டு வந்து கதைக்கிறன். அதுக்குப் பிறகு நீ வாய் திறக்கப்படாது" என்றார். படகுச் சட்டம் என்னவாயிற்று என்று கேட்டேன். "நான் தனியப் பாப்பன். இஞ்சினுக்குப் பக்கத்திலை இருந்தால் உன்ரை பேய் கத்தினாலும் கேளாது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

படகில் இருக்கிற ரேடியோவைச் செட் என்போம். இரண்டு நாளைக்கு ஒரு தரமாவது செட்டில் சம்மாட்டியோடு, அதாவது படகின் சொந்தக்காரரோடு, கதைப்பார்கள். அவர் அக்காவுக்கு எடுத்துச் சொல்லுவார். ஒரு கிழமை போயிருக்கும், கதை நின்றுவிட்டது. முதலில் காற்று என்றார்கள். பிறகு செட் பழுது என்றார்கள். அதன்பிறகு சம்மாட்டி தானாகப் போன் எடுப்பதை விட்டுவிட்டார். நாங்கள் எடுத்தால் குரலைத் தணித்துக் கதைத்தார். அந்தத் தணிந்த குரலைக் கேட்ட அன்றைக்குக் கடையை நேரத்தோடு சாத்தினேன்.

லிங்கநகரில் இருக்கிற என் அறையைப் பூட்டிவிட்டு உப்புவெளிக்குப் போய் அக்காவோடு இருந்தேன். அவளுக்குத் துணையென்று சொன்னேன். உண்மையில் எனக்குத்தான் தனியே இருக்க ஏலவில்லை. சனம் வந்து வந்து ஆறுதல் சொன்னது. அந்தமான் பக்கம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள். இந்தோனேசியாவில் பிடித்து வைத்திருப்பார்கள், முந்தியும் அப்படி எத்தனையோ பேர் வந்தவர்கள் என்றார்கள். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். ஒருவர் மட்டும், கோயிலில் பிரார்த்தனை ஒன்று செய்து ஆத்மசாந்தி பண்ணலாம் என்று தொடங்கினார். சாந்தி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டாள். அவர் போகும்வரைக்கும் வெளியே வரவில்லை.

அத்தான் இருக்கிறாரா இல்லையா என்பதைத் தவிர எங்களுக்கு வேறு யோசனை இல்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? தினமும் மத்தியானம் கிணற்றில் அள்ளி அண்டாவை நிரப்பினாள். வருகிற நாள் தெரிந்தால்தான் நிரப்புவது வழக்கம். இப்போது நாள் தெரியாதபடியால் எல்லா நாளும் நிரப்பினாள். பின்னேரம் போய்ப் பார்ப்பாள். பிறகு அந்தத் தண்ணீரை எடுத்து வாழைக்கு ஊற்றிவிட்டு, அடுத்த நாள் திரும்ப அள்ளுவாள். நான் கிணற்றடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். அவள் அந்தப் படத்தை அதுவரை பார்த்ததில்லை. தானாகவே அதை எங்கள் வளவில் நடத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பின்னேரம் அவள் கூப்பிட்ட விதத்தில் கையில் இருந்த போனைப் போட்டுவிட்டு எழும்பினேன். ஓடிப்போய்ப் பார்த்தால் அண்டாவுக்கு முன்னால் நிற்கிறாள். விளிம்புவரை நிரப்பியது அரைவாசிக்கு வந்திருந்தது. சுற்றிவர மண் நனைந்திருந்தது.

"தம்பி, வந்திட்டார் போலை" என்றாள். முகத்தில் சந்தோசம் இல்லை. சந்தோசப்படலாமா என்று என்னைக் கேட்கிற முகம் அது. பட்டப்பகல் வெளிச்சம், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடுகிறது, எனக்கு முதுகு முழுக்கக் கூசியது. வீட்டுக்குள் திரும்பிப் பார்க்கப் பயம். பார்க்காமல் நிற்கவும் பயம்.

பிறகு வேலிக்கு அந்தப் பக்கத்தில் சாணம் கிடந்தது தெரிந்தது. படலை திறந்திருந்தது. பக்கத்து வளவு மாடு வாயெல்லாம் ஈரமாக நின்று எங்களைப் பார்த்தது. படத்தில் இப்படி ஒரு மாட்டைக் காட்டியிருந்தால் எல்லாவற்றையும் விளக்கிக் கெடுத்துவிட்டான் என்று திட்டித் தீர்த்திருப்பேன். அன்றைக்கு அந்த மாட்டைக் கட்டிப்பிடித்து அழலாம் போல இருந்தது. அக்கா படலையைச் சாத்திவிட்டு, குறைந்த தண்ணீரைத் திரும்ப அள்ளி நிரப்பினாள்.

அடுத்த நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "நீயும் அவரும் சண்டை பிடிக்கிற அந்தப் படத்தைக் காட்டு. ரெண்டையும்."

"இப்ப வேண்டாம் அக்கா."

"அவர் கொண்டு போன படம்தானே. அவர் பாத்ததை நான் பாக்கப்படாதோ?"

பகலிலேயே லப்டொப்பை மேசையில் வைத்து முதலில் ஜப்பான் படத்தைப் போட்டேன். படத்தைப் பார்க்காமல் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் உடைவாளோ என்று மடியில் கையை இறுக்கிக்கொண்டு இருந்தேன். அவள் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதை சொல்வதைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில், "மூடியை இன்னும் கொஞ்சம் வடிவா மூடலாம், சூடு போயிடும்" என்றாள். கடைசியில் உள்ளே தண்ணீர் அசைகிற ஓசை வந்தபோது மூச்சை மெல்ல விட்டாள்.

"நல்ல படம்" என்றாள். "இதிலை என்ன பயம்?"

எனக்கு விளங்கவில்லை. இதைவிடப் பயங்கரமான முடிவு உலகத்திலேயே இல்லை என்று இத்தனை காலமும் நான் சொல்லி வந்தது அவளுக்கு ஒன்றுமே செய்யவில்லை. சரி, மற்றதில் சிரிப்பு வரும், மனசு லேசாகும் என்று அமெரிக்கப் படத்தைப் போட்டேன். கை வந்தது. அக்கா கண் சிமிட்டவில்லை. நாய் செத்தது. "பாவம்" என்றாள். பிறகு நான் வழக்கமாகத் தள்ளிவிட்டுப் போகிற இடம் வந்தது. பேயும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசலில் பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து நிற்பார்கள். ஒருவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வான். அவள் கதவைத் திறப்பாள். அவ்வளவுதான்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினாள். நான் பொத்தானைத் தேடுவதற்குள் அவளே லப்டொப்பை அடித்து மூடிவிட்டாள்.

"இதைப் பாத்தோ ரெண்டு பேரும் சிரிச்சனீங்கள்?" என்று கேட்டாள். "அந்த ஜப்பான்காரியிட்டை ஒருத்தரும் வந்து தொப்பி கழட்டேல்லை. அவள் தண்ணி வைக்கலாம். இவள் இனி யாருக்குத் தண்ணி வைக்கிறது?"

அசலுக்கு நகல் ஈடாகுமா என்று கடையில் நின்று நான் வாதாடியதெல்லாம் அந்த நேரம் வெறும் வாய்ச்சவடாலாகத் தெரிந்தது. கரையில் இருக்கிறவனுக்கு முடிவில்லாத படம் பயம். காத்திருக்கிறவளுக்கு முடிவுதான் பயம். அந்தப் படத்தை எடுத்தவர்கள் இதை யோசித்தார்களோ இல்லையோ, தொப்பியைக் கழற்றுகிற அந்த ஒரு காட்சியில் அவர்கள் ஜப்பான்காரரை வென்றுவிட்டார்கள். அக்கா என் கையை விடும்வரை பக்கத்தில் இருந்தேன். அதன்பிறகு வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று மெதுவானாலே இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம்.

ஒரு காலை சம்மாட்டி போன் எடுத்தார். அவர் பெயரைத் திரையில் கண்டதும் அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நான்தான் எடுத்தேன். அவர் அழுதபடியால் முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகுதான் விளங்கியது. இஞ்சின் நின்று, செட்டும் பேட்டரியும் செத்து, படகு கிழக்கே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இன்னொரு ஆழ்கடல் படகு கண்டு கட்டி இழுத்துக்கொண்டு வருகிறது. எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். நான் அதைச் சொன்னதும் அக்கா நிலத்தில் அப்படியே இருந்துவிட்டாள்.

கொட்பேயில் சனம் நிறைந்திருந்தது. அத்தான் இறங்கி வந்தார். மெலிந்து, தோல் உரிந்து, தாடி வளர்ந்து, ஆனாலும் அவரேதான். அக்காவைப் பார்த்தார். "வந்திட்டன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். களைப்பு என்று நினைத்தோம்.

வீட்டுக்கு வந்து பின்பக்கம் போனார். அண்டா நிறைந்து நின்றது. அவர் ஒரு கோப்பையில் கொஞ்சம் அள்ளி முகத்தை மட்டும் துடைத்தார். மீதிக்கு ஒரு தட்டைத் தேடி எடுத்து மூடி வைத்தார். ஊற்றுங்கோ, கிணறு நிறையத் தண்ணி கிடக்குது என்று அக்கா சொன்னாள். அவர் அவளை, கூடாத ஏதோ சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எல்லாவற்றிலும் பயமானவை. அத்தான் வெறுந்தேத்தண்ணியை ஒவ்வொரு சொட்டாய்க் குடித்தார். சீனியைத் தள்ளி வைத்தார். கட்டிலில் படுக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டு சீமெந்து நிலத்தில் கிடந்தார். ஆட்கள் பார்க்க வந்தால் எழும்பி உள்ளே போனார். கேட்டதற்கு ஓம், இல்லை என்பதோடு சரி. ஆஸ்பத்திரியில் உடம்புக்கு ஒன்றுமில்லை, போகப் போகச் சரிவரும் என்றார்கள். நான் பழைய சண்டையை இழுத்தால் வாய் திறப்பார் என்று நினைத்து, பகிடியாகத்தான் கேட்டேன்.

"அத்தான், ஜப்பான்காரியை முழுக்கப் பாத்தனீங்களோ?"

"எந்தப் படம்?" என்றார்.

சும்மா சொல்லுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சும்மா சொல்லவில்லை. எனக்கு அங்கே இருக்க ஏலவில்லை. கடைக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டு எழும்பினேன்.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். அடுப்பில் சோறு கொதித்தது. அவள் கதவை அரைவாசி சாத்திவிட்டுக் கிட்ட வந்தாள்.

"தம்பி, எனக்குப் பயமாயிருக்குது."

"என்னத்துக்கு அக்கா?"

"ஆள் அதே ஆள். தோளிலை இருக்கிற காயம் அதே காயம். நடக்கிறதும் அதே நடை. எல்லாம் இருக்குது, அவர் மட்டும் இல்லை." என் முகத்தை நேரே பார்த்தாள். "நீதானே ஒரே கதையை ரெண்டு தரம் பாத்து, இது அது இல்லை எண்டு சொல்லுறனீ. வடிவாப் பாத்துச் சொல்லு. இது இவரோ?"

எத்தனை படங்களுக்குத் தீர்ப்புச் சொன்ன வாய். ஓம் என்றால் பொய். இல்லை என்றால் அக்காவின் வாழ்க்கை அந்த இடத்திலேயே முடிந்துவிடும். நான் சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கதவு மெல்லத் திறந்தது. அத்தான் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவனைக் கேட்டு என்ன செய்யிறது" என்றார். வந்த நாள் தொடக்கம் அவர் இவ்வளவு நீளமாகக் கதைத்ததில்லை. "நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். நீ தேடுற அந்தாள் இன்னும் கரைக்கு வரேல்லை."

சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அக்கா முகத்தைத் துடைத்தாள். கதிரை ஒன்றை இழுத்து அவர் பக்கத்தில் போட்டாள்.

"அப்ப இருங்கோ" என்றாள். "ரெண்டு பேருமா இருந்து பாப்பம்."